ஜி.பி.எஸ். இடத்தைச் சொல்லும், வழியைச் சொல்லாது: இனுயிட் வரைபடங்களுக்கு ஓர் அறிமுகம்

கனடாவின் வடகோடியில் வாழும் இனுயிட் மக்கள் தங்கள் பாரம்பரிய இடப்பெயர்களையும் பனிவழிகளையும் ஜி.பி.எஸ். கருவியோடு சேர்த்து வரைபடமாக்கி வருகிறார்கள். (நம் பள்ளிப் புத்தகங்கள் 'எஸ்கிமோ' என்று சொல்லிக்கொடுத்த மக்கள்தான். கனடாவில் அந்தப் பெயரை அவர்கள் ஏற்பதில்லை.) இந்த வேலையைப் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டு கருத்துகள் கட்டாயம் எழும். "சாட்டிலைட்தான் மேலேயிருந்து எல்லாத்தையும் பாக்குதே, மனுஷன் உட்கார்ந்து வரைய இதுல என்ன இருக்கு?" என்பது ஒன்று. "அவங்களுக்கு வழி ரத்தத்துலயே ஊறினது, கருவி வந்து கெடுத்துடுச்சு" என்பது மற்றொன்று.

இரண்டுமே தவறு. முதலாவது ஜி.பி.எஸ். எப்படி வேலை செய்கிறது என்று தெரியாததால் வருவது. இரண்டாவது இனுயிட் மக்களின் வழியறிவு எப்படி வேலை செய்கிறது என்று தெரியாததால் வருவது.

புள்ளி வேறு, வழி வேறு

சாப்பாடு டெலிவரி செய்யும் தம்பிக்கு லொகேஷன் அனுப்பிவிடுகிறோம். அவருடைய போன் திரையில் நம் வீடு பிசகில்லாத ஒரு புள்ளியாகத் தெரிகிறது. ஆனாலும் தெருமுனையில் நின்றுகொண்டு, "அண்ணா, எந்தப் பக்கமா வரணும்?" என்று கேட்கிறார். பாதாளச் சாக்கடைக்காகத் தெருவைத் தோண்டிப் போட்டிருப்பது அந்தப் புள்ளிக்குத் தெரியாது. "பிள்ளையார் கோயிலுக்குப் பின்பக்கமா வாங்க, டிரான்ஸ்பார்மரைத் தாண்டினதும் பச்சை கேட்" என்றதும் வந்துவிடுகிறார்.

திரையில் இருந்தது ஜி.பி.எஸ். தந்த இடம். வாயால் சொன்னது பெயர்களாலும் அடையாளங்களாலும் ஆன வழி. இனுயிட் வரைபடப் பணி இந்த இரண்டையும் ஒரே தாளில் சேர்க்கும் முயற்சிதான். என்ன, அங்கே தெரு தவறினால் சாப்பாடு ஆறிப்போவதோடு நிற்காது; மெல்லிய பனிக்கட்டி உடைந்து கடலுக்குள் போக வேண்டியதுதான்.

ஜி.பி.எஸ். செய்வது ஒரே ஒரு வேலை

பூமிக்கு மேலே சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில், அமெரிக்கா ஏவிய 30-க்கு மேற்பட்ட செயற்கைக்கோள்கள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றிலும் அணுக் கடிகாரம் உண்டு. "நான் இந்தச் செயற்கைக்கோள், இப்போது இங்கே இருக்கிறேன், என் கடிகாரத்தில் மணி இது" என்று ஒவ்வொன்றும் ஓயாமல் ரேடியோ அலையில் சொல்லிக்கொண்டே இருக்கிறது. நம் கையிலுள்ள கருவி அதைக் கேட்கிறது. கேட்பது மட்டும்தான், பதில் சொல்வதே இல்லை.

செய்தி கிளம்பிய நேரமும் வந்துசேர்ந்த நேரமும் தெரிந்தால், இடைப்பட்ட நேரத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கித் தூரத்தைக் கண்டுபிடித்துவிடலாம். மூன்று செயற்கைக்கோள்களிலிருந்து உள்ள தூரம் தெரிந்தால் நாம் நிற்கும் இடம் கிடைத்துவிடும். நடைமுறையில் நான்காவது ஒன்றும் வேண்டும், ஏனென்றால் நம் கருவியிலிருப்பது சாதாரணக் கடிகாரம். அது ஒரு வினாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலே தூரம் 300 மீட்டர் மாறிப்போகும். அந்தப் பிசகைக் கணக்கிட்டுத் திருத்தத்தான் நான்காவது.

கடைசியில் கிடைப்பது சில எண்கள்: அட்சரேகை, தீர்க்கரேகை, கூடவே உயரம். இவற்றுக்கு ஆயத்தொலைகள் என்று பெயர். ஜி.பி.எஸ். தருவது இவ்வளவுதான். அதில் வரைபடமும் கிடையாது, ஊர்ப்பெயரும் கிடையாது. திரையில் தெரியும் சாலைகளும் பெயர்களும் எங்கோ ஒரு மனிதர் தொகுத்து வைத்த வேறொரு தகவல். படம் எடுக்கும் செயற்கைக்கோள்கள் வேறு வகை; அவை எடுத்த படத்திலும் ஒரு விரிகுடா விரிகுடாவாகத்தான் தெரியுமே தவிர, அதை யார் என்னவென்று அழைக்கிறார்கள் என்பது தெரியாது.

கேட்க மட்டுமே செய்வதால், செல்போன் டவர் இல்லாத இடத்திலும் ஜி.பி.எஸ். வேலை செய்யும். இனுயிட் மக்களின் நுனாவுட் பிரதேசத்துக்கு இது பெரிய விஷயம். சுமார் 21 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில் 25 ஊர்கள். ஓர் ஊரை இன்னோர் ஊரோடு இணைக்கும் சாலை ஒன்றுகூட இல்லை.

வடக்கே போனால்

அங்கே காந்த ஊசியை நம்ப முடியாது. 1831-இல் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி ஜேம்ஸ் கிளார்க் ராஸ் காந்த வடதுருவத்தைக் கண்டறிந்த இடம் பூத்தியா தீபகற்பம். டலோயோவாக் என்ற இனுயிட் ஊர் இன்று அதே தீபகற்பத்தில்தான் இருக்கிறது. காந்தத் துருவம் பிறகு நகர்ந்து நகர்ந்து சைபீரியாப் பக்கம் போய்க்கொண்டிருந்தாலும், 1990-களில்கூட அது கனடாவின் ஆர்க்டிக் தீவுகளுக்கு இடையேதான் இருந்தது. துருவத்தை நெருங்க நெருங்க ஊசி பக்கவாட்டில் திரும்புவதை விட்டுக் கீழ்நோக்கி இழுபடும். அதனால் அந்த ஊர்களில் திசைகாட்டி பெரிய உதவியாக இருந்ததே இல்லை.

ஜி.பி.எஸ்.ஸுக்கு அந்தச் சிக்கல் இல்லை, ஆனால் வேறொன்று உண்டு. அதன் செயற்கைக்கோள்கள் 55 பாகை அட்சரேகையைத் தாண்டி வடக்கே போவதில்லை. 69 பாகையிலுள்ள இக்லூலிக் என்ற தீவூரில் நின்றால் அவை நேர் உச்சியில் வராது, சரிவாகத்தான் தெரியும். இடம் நன்றாகவே கிடைக்கும். உயரக் கணக்குதான் கொஞ்சம் தடுமாறும். இதைவிடப் பெரிய தொல்லை குளிர். உறைகுளிரில் பேட்டரி சீக்கிரம் செத்துவிடும், திரை மந்தமாகிவிடும். கருவியைச் சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டுதான் போக வேண்டும்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: ஜி.பி.எஸ். என்பது நேரத்தைக் கேட்டு இடத்தைக் கணக்கிடும் கருவி. அது தருவது எண்களை மட்டும். பெயரும் வழியும் மனிதர்களிடமிருந்துதான் வர வேண்டும்.

பெயருக்குள் இருக்கும் தகவல்

ஐரோப்பியக் கடலோடிகள் ஆர்க்டிக் கரைகளுக்குத் தங்கள் புரவலர்களின் பெயரையும் கப்பல்களின் பெயரையும் தங்கள் சொந்தப் பெயரையும் வைத்தார்கள். 1576-இல் வந்த மார்ட்டின் ஃபுரோபிஷரின் பெயர் ஒரு விரிகுடாவுக்கும், பின்னாளில் அதன் கரையில் எழுந்த ஊருக்கும் ஒட்டிக்கொண்டது. 1631-இல் லூக் ஃபாக்ஸ் ஒரு முனைக்கு டார்செட் பிரபுவின் பெயரைச் சூட்டினார். அந்தப் பெயரைக் கேட்டு அங்கே என்ன இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

ஃபுரோபிஷர் பே ஊர் 1987-இல் இக்காலுயிட் ஆனது: மீன்கள் நிறைந்த இடம். இன்று அதுதான் நுனாவுட்டின் தலைநகர். காப்பர்மைன் 1996-இல் குக்லுக்டுக் ஆனது: நீர் பாய்ந்தோடும் இடம். ரிபல்ஸ் பே 2015-இல் நௌயாட் ஆனது: கடற்காகங்கள் கூடுகட்டும் இடம். கேப் டார்செட் 2020-இல் கின்ங்காயிட் ஆனது: மலைகள். டலோயோவாக் என்பது காரிபூ மான்களை மறைந்திருந்து வேட்டையாடக் கல்லால் எழுப்பிய பெரிய மறைப்பைக் குறிக்கும் பெயர். எங்கே மீன் கிடைக்கும், எங்கே நீரோட்டம் வேகமாக இருக்கும், எதைப் பார்த்தால் எங்கே வந்திருக்கிறோம் என்று தெரிந்துகொள்ளலாம் என்பதெல்லாம் பெயரிலேயே இருக்கிறது. நீரோட்டம் வேகமான இடத்தில் பனிக்கட்டி மெல்லியதாக இருக்கும் என்பதைச் சேர்த்து யோசித்தால், சில பெயர்கள் எச்சரிக்கைப் பலகைகளும்கூட.

ஊர்ப்பெயர்கள் கொஞ்சம்தான். ஏரி, முனை, பாறை, ஆற்று வளைவு, பனிவெடிப்பு என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. நுனாவுட்டில் இந்தப் பெயர்களைச் சேகரித்து வரைபடத்தில் ஏற்றும் பொறுப்பை இனுயிட் பாரம்பரிய அறக்கட்டளை எடுத்துச் செய்கிறது. ஆயிரக்கணக்கான பெயர்கள் பதிவாகியுள்ளன.

இந்தப் பெயர்களின் மதிப்பை உலகம் உணர்ந்தது ஒரு கப்பல் விஷயத்தில். 1845-இல் ஜான் ஃபிராங்க்ளின் தலைமையில் கிளம்பிய எரிபஸ், டெரர் என்ற இரு பிரிட்டிஷ் கப்பல்கள் ஆர்க்டிக்கில் காணாமல் போயின. அவற்றில் ஒன்று உட்யுலிக் என்ற பகுதியில் மூழ்கியது என்று இனுயிட் மக்கள் 19-ஆம் நூற்றாண்டிலேயே சொல்லியிருந்தார்கள். கியோவா ஹேவன் ஊரைச் சேர்ந்த லூயி கமுக்காக் பல பத்தாண்டுகள் பெரியவர்களிடம் இடப்பெயர்களையும் வாய்மொழிக் கதைகளையும் கேட்டுத் தொகுத்தார். 2014-இல் எரிபஸ் கிடைத்தது அந்த உட்யுலிக் பகுதிக் கடலுக்கு அடியில்தான்.

அழியும் தடம், அழியாத வழி

பனியில் வண்டித்தடம் ஒரு புயலுக்குத் தாங்காது. கடற்பனியின் மேல் போன தடமோ கோடையில் பனியோடு சேர்ந்து கரைந்தே போகும். ஆகவே வெளியாளுக்கு அது வழியே இல்லாத வெற்று வெளி. ஆனால் அடுத்த குளிர்காலத்தில் அதே மக்கள் ஏறக்குறைய அதே கோட்டில் மறுபடி பயணம் போகிறார்கள்.

இக்லூலிக்கில் வேட்டைக்காரர்களோடு பயணம் செய்த மானுடவியலாளர் கிளாடியோ அபோர்த்தா இதை ஆராய்ந்தார். வழிகளை ஜி.பி.எஸ்.ஸில் பதிவு செய்தார். பழைய பயணிகளின் குறிப்புகளோடும் வரைபடங்களோடும் ஒப்பிட்டார். தலைமுறை தலைமுறையாக ஒரே வழிகள் பயன்பட்டு வந்திருப்பது தெரிந்தது. இந்த வழிகள் தனித்தனித் துண்டுகள் அல்ல, கனடாவின் ஆர்க்டிக் பகுதியைப் பின்னிய ஒரே வலை. கனடா, பிரிட்டன் ஆய்வாளர்களின் கூட்டு முயற்சியில் 2014-இல் இது ஓர் இணைய வரைபடத் தொகுப்பாக வெளிவந்தது.

இவ்வளவும் மனிதர்களின் ஞாபகத்தில்தான் இருந்தது. அந்த ஞாபகத்தின் துல்லியத்துக்கு ஒரு பழைய சாட்சி உண்டு. 1822-இல் பிரிட்டிஷ் கடற்படையின் வில்லியம் பாரி மெல்வில் தீபகற்பத்துக்கு அருகே பனியில் சிக்கிக் குளிர்காலத்தைக் கழித்தபோது, இலிக்லியுக் என்ற இனுயிட் பெண் வடக்கேயுள்ள கரையோரத்தைத் தாளில் வரைந்து காட்டினார். மேற்கே போகும் ஒரு நீரிணையும் அதில் இருந்தது. பாரி போய்ப் பார்த்தார். நீரிணை அங்கேதான் இருந்தது. அதற்கு அவர் தன் இரண்டு கப்பல்களின் பெயரை வைத்தார். இலிக்லியுக்கின் பெயரை வைக்கத் தோன்றவில்லை போலும்.

வழியை ஞாபகம் வைப்பது ஒரு பாதி. போகும் திசையைப் பிடித்துவைப்பது மறுபாதி. இக்லூலிக்கில் நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை சூரியன் எழுவதே இல்லை. அப்போது காற்றுதான் துணை. மேற்கு வடமேற்கிலிருந்து அடிக்கும் உவாங்னாக் என்ற காற்று பனியை நாக்கு வடிவ மேடுகளாக இறுக்கிவிடும். அவற்றின் பெயர் உக்கலுராயிட். பிறகு வேறு காற்று அடித்தாலும் அவை எளிதில் கலைவதில்லை. அதனால் எல்லா மேடுகளும் ஒரே போக்கில் நீண்டு கிடக்கும். அவற்றை ஒரே கோணத்தில் வெட்டிக் கடந்துகொண்டே போனால் நேர்கோட்டில் போகிறோம் என்று பொருள். இருட்டில், பனிமூட்டத்தில்கூட வண்டி ஏறி இறங்கும் விதத்திலேயே உணர்ந்துவிடலாம். ரத்தத்தில் ஊறியது என்று சொல்வது பாராட்டு போலக் கேட்டாலும், பல ஆண்டுகள் படித்துத் தேறிய ஒரு படிப்பைப் படிப்பே இல்லை என்று ஆக்கிவிடுகிறது.

இரண்டையும் சேர்ப்பது எப்படி

வேலை பெரும்பாலும் வெளியே அல்ல, மேஜையில் தொடங்கும். பெரிய காகித வரைபடத்தை விரித்து, மேலே ஒளி ஊடுருவும் தாளைப் போட்டு, ஊரின் பெரியவர்களை உட்கார வைத்துக் கேட்பார்கள். ஒரு பயணத்தை மனதுக்குள் போவதுபோல, போகும் வரிசையில் பெயர்கள் வரும். ஒவ்வொரு பெயரையும் எழுதி, குரலைப் பதிவு செய்து, இன்னொரு பெரியவரிடமும் சரிபார்ப்பார்கள். எழுத்தைவிடக் குரல்பதிவு முக்கியம். இடத்தைத் தொட்டால் ஊர்ப் பெரியவரின் வாயாலேயே பெயரைக் கேட்கும்படி அமைத்த மின்வரைபடங்கள் இப்போது உண்டு.

இந்தக் காகித வரைபடங்களின் அளவு பெரும்பாலும் 1:250,000. அதாவது தாளில் ஒரு மில்லிமீட்டர், தரையில் 250 மீட்டர். கொஞ்சம் மழுங்கிய பென்சில் கோடே தரையில் நூறு மீட்டருக்கு மேல் தடித்துவிடும். ஜி.பி.எஸ். நுழைவது இங்கேதான். ஸ்னோமொபைலில் (பனியில் ஓடும் மோட்டார் வண்டி) வேட்டைக்காரரோடு போய், பெயருள்ள ஓர் இடத்தில் நின்று பதிவு செய்தால் அது வழிப்புள்ளி. போகும்போதே கருவி தானாகச் சில வினாடிகளுக்கு ஒருமுறை இடத்தைக் குறித்துக்கொண்டே வந்தால், அந்தப் புள்ளிகளின் சங்கிலி தடப்பதிவு. பேசிச் சேகரித்த பெயர்களை இந்தப் புள்ளிகளின் மேலும் சங்கிலிகளின் மேலும் ஏற்றினால் வரைபடம் தயார்.

கங்கிக்டுகாப்பிக் என்று இனுயிட் மக்கள் அழைக்கும் கிளைட் ரிவர் ஊரில் 'இக்லினிட்' என்ற திட்டத்தில் இதை இன்னும் ஒருபடி மேலே கொண்டுபோனார்கள். பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து துருவப் பகுதிகளை ஆராய்ந்த சர்வதேசத் துருவ ஆண்டை (2007-08) ஒட்டி, கால்கரி பல்கலைக்கழகப் பொறியியல் மாணவர்களும் வேட்டைக்காரர்களும் சேர்ந்து ஸ்னோமொபைலில் பொருத்தும் ஒரு கருவியை உருவாக்கினார்கள். வழியோடு வானிலையையும் அது பதியும்; கண்ட விலங்கு, பனியின் நிலை போன்றவற்றை வேட்டைக்காரர் தங்கள் இனுக்டிடுட் மொழியிலேயே பொத்தானைத் தட்டிச் சேர்க்கலாம்.

இதில் ஒரு நெருடல் உண்டு. கணினி கேட்பது புள்ளியும் கோடும். ஆனால் ஒரு பெயர் சில சமயம் விரிகுடாவின் ஒரு பக்கக் கரை முழுவதையும் குறிக்கும். அதன் எல்லை எங்கே முடிகிறது என்று யாரும் கோடு போட்டு வைக்கவில்லை. வழியும் கோடு அல்ல. அன்றைய பனியைப் பொறுத்து வண்டிகள் அகலமாகப் பிரிந்து போகும். அதை மெல்லிய சிவப்புக் கோடாக்கும்போதே ஏதோ ஒன்று தொலைந்துபோகிறது.

சுருக்கமாக: பெயரும் வழியும் பெரியவர்களின் ஞாபகத்திலிருந்து வருகின்றன. அவற்றைத் தரையில் ஆணி அடித்து நிறுத்துவது மட்டுமே ஜி.பி.எஸ்.ஸின் வேலை.

கடற்பனியில் ஆணி நிற்காது

குளிர்காலக் கடற்பனி இரண்டு வகை. கரையோடு உறைந்து ஒட்டி நிற்பது துவாக். அதற்கு அப்பால் காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் ஏற்ப மிதந்து நகர்வது இன்னொன்று. இரண்டும் சந்திக்கும் விளிம்பு சினாக். கடல்நாய், வால்ரஸ் வேட்டை நடப்பது பெரும்பாலும் அந்த விளிம்புப் பகுதியில்.

துவாக்கின் மேல் குறித்த வழிப்புள்ளி வசந்தம் வரை செல்லுபடியாகும். நகரும் பனியின் மேல் குறித்தால்? எண்கள் மாறாது; நாம் குறித்த பனித்துண்டுதான் அங்கே இருக்காது. ஆனால் வியப்பான விஷயம், பெரிய வெடிப்புகளும் உறையாத நீர்ப்பரப்புகளும் ஆண்டுதோறும் ஏறக்குறைய அதே இடத்தில் மறுபடி தோன்றும். அடியிலிருக்கும் நீரோட்டமும் கரையின் வடிவமும் மாறுவதில்லையே! அதனால் அவற்றுக்கும் நிலையான பெயர்கள் உண்டு. ஆண்டின் சில மாதங்கள் மட்டும் இருக்கும் ஓர் இடத்தை வரைபடத்தில் எப்படிக் காட்டுவது என்பது இப்போதும் வரைபடக்காரர்களின் தலைவலி.

பருவநிலை மாற்றத்தால் பனி தாமதமாக உறைந்து சீக்கிரம் உடைகிறது. பழைய வழி எப்போதும் பாதுகாப்பு என்று சொல்ல முடியாத நிலை. லாப்ரடார் கரையின் நெயின் ஊரில் தொடங்கிய ஸ்மார்ட்ஐஸ் அமைப்பு, பனியின் தடிமனை அளக்கும் கருவியைச் சறுக்குவண்டியில் வைத்து இழுத்துச் சென்று, அளவுகளை ஊர்மக்களுக்கு வரைபடமாகத் தருகிறது.

கருவி கெடுத்துவிட்டதா?

இக்லூலிக் வேட்டைக்காரர்கள் 1990-களின் நடுவிலிருந்தே ஜி.பி.எஸ். வைத்திருக்கிறார்கள். அமெரிக்க ராணுவம் பொதுமக்களுக்கான சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழை கலந்திருந்த காலம் அது. 2000 மே மாதம்தான் அதை நிறுத்தியது. நூறு மீட்டர் வரை பிழையிருந்தும் வாங்கினார்கள் என்றால் காரணம் இருந்திருக்கும். கோடையில் வால்ரஸ் வேட்டைக்குப் படகில் போகும்போது திடீரென்று மூடுபனி இறங்கும். கரையே தெரியாத அந்த நேரத்தில் வீடு திரும்ப ஜி.பி.எஸ். பேருதவி.

ஆபத்தும் உண்மைதான். குறிப்பிட்ட புள்ளிக்குப் போ என்று சொன்னால் கருவி நேர்கோடு காட்டும். அந்தக் கோடு செங்குத்துப் பாறை மேலேயும் போகலாம், மெல்லிய பனியின் மேலேயும் போகலாம். அனுபவசாலி அதை ஒரு யோசனையாக எடுத்துக்கொள்வார். அனுபவமில்லாதவர் கட்டளையாக எடுத்துக்கொள்வார். பேட்டரி போய்விட்டால் அந்த வித்தியாசம் உயிரோடு விளையாடும்.

ஆனால் பழியைக் கருவியின் தலையில் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. சங்கிலி அதற்கு வெகு முன்பே அறுந்தது. 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் குடும்பங்கள் நிலையான ஊர்களுக்குள் கொண்டுவரப்பட்டன. பிள்ளைகள் பள்ளிக்கூடங்களில் தங்கள் மொழியையே பேச முடியாமல் வளர்ந்தார்கள். 1960-களில் ஸ்னோமொபைல் வந்தது. நாய்வண்டியில் மெதுவாகப் போகும்போது அப்பா பெயர் சொல்ல மகன் கேட்டுக்கொண்டே வருவான். எஞ்சின் சத்தத்தில் அது நடக்குமா?

வரைபடம் யாருடையது?

இனுயிட் மக்களுக்கு வரைபடம் வெறும் நினைவுச்சின்னம் அல்ல, சட்ட ஆதாரம். 1970-களில் வேட்டைக்காரர்கள் ஒவ்வொருவரும் வாழ்நாளில் எங்கெங்கே வேட்டையாடினார்கள், முகாமிட்டார்கள் என்று வரைபடத்தில் குறித்தார்கள். அந்த நில உபயோக ஆய்வு 1976-இல் வெளியானது. இந்த நிலம் ஆளில்லா வெளி அல்ல என்று காட்ட அது உதவியது. 1993-இல் நில உரிமை ஒப்பந்தம், 1999 ஏப்ரல் 1 அன்று நுனாவுட் பிரதேசம் என்று அடுத்தடுத்து வந்தன.

அதே வரைபடம் தவறான கைக்கும் போகலாம். கனிமம் தேடும் கம்பெனிக்கும், வேட்டைக்கு வரும் வெளியாளுக்கும் அது சிரமமில்லாத வழிகாட்டி. அதனால் எந்தப் பெயர் பொதுவில் தெரியலாம், எந்தப் புதைவிடம், எந்த வேட்டைத்தலம் ஊருக்குள் மட்டும் இருக்க வேண்டும் என்பதை அந்தந்த ஊர்தான் முடிவு செய்ய வேண்டும் என்கிறார்கள். ஹட்சன் விரிகுடாவின் சனிகிலுவாக் ஊரை மையமாகக் கொண்ட ஆர்க்டிக் ஐடர் சொசைட்டி 2019-இல் வெளியிட்ட 'சிகு' செயலி இதன்படியே அமைந்தது. (சிகு என்றால் கடற்பனி.) ஆபத்தான பனி, கண்ட விலங்கு, பழைய இடப்பெயர், போன வழி எல்லாவற்றையும் அதில் போடலாம், பதிவு போட்டவருக்கே சொந்தம், யார் பார்க்கலாம் என்பதையும் அவரே தீர்மானிக்கிறார். மெல்லிய பனி பற்றிய எச்சரிக்கையை எல்லோருக்கும் காட்டிவிட்டு, மீன் நிறைய கிடைத்த இடத்தைத் தன்னோடு வைத்துக்கொள்ளவும் அதில் வசதி உண்டு.